சவுந்தரம் பொறுக்கிய கோல்

பினாங்கு டவுனில், தமிழ் மாதா கோவிலுக்குப் பின்சந்தில் குடியிருந்தாள் சவுந்தரம். காது நன்றாகக் கேட்ட காலத்தில் அவளை யாரும் ஒரு ஆளாக மதித்ததில்லை. காது போன பிறகு மீன்காரன் முதல் கோவில் பிள்ளை வரை எல்லாருக்கும் அவளைத் தெரிந்துபோயிற்று. "செவிட்டுச் சவுந்தரம்" என்பார்கள். அது அவளுக்கும் தெரியும். உதடு அசைவதை வைத்தே பேச்சைப் பிடித்துவிடுவாள். அதனால் அவளைத் திட்ட நினைத்தவர்கள் வாயைக் கையால் மூடிக்கொண்டு திட்டினார்கள். மூடிய வாயைப் பார்த்ததுமே அவளுக்கு விஷயம் விளங்கிவிடும். பதிலுக்கு அவள் வாயைத் திறந்தே திட்டுவாள்.

பிறந்தது தாசேக் கெலுகோர் பக்கத்து ரப்பர் தோட்டத்தில். பள்ளிக்கூடம் என்று அங்கே ஒரு கொட்டகை இருந்தது. அதற்குள் அவள் மழைக்கு ஒதுங்கியிருக்கிறாள், அவ்வளவுதான். பால் வெட்டப் போன அம்மாவுக்கு வாளி தூக்கிக்கொண்டு இருந்தவளை, துறைமுகத்துக் கிட்டங்கியில் கணக்கெழுதுகிற கிராணி வேலை பார்த்த ஆரோக்கியநாதன் வந்து கட்டிக்கொண்டு போனார். நல்ல மனுஷன். குடி கிடையாது, அடி கிடையாது. ரோஷம் மட்டும் ஒரு குடும்பத்துக்குத் தேவையானதைவிட ரொம்ப அதிகம்.

ஒரே பெண். அன்னமேரி என்று பேர் வைத்தார்கள், பாப்பா என்று கூப்பிட்டார்கள். பாப்பா மழலை பேசிக்கொண்டிருந்த வயதில் சவுந்தரத்துக்குக் குளிர்காய்ச்சல் வந்தது. போகவே மாட்டேன் என்று உடம்பில் உட்கார்ந்துகொண்டது. கொய்னா மாத்திரையை அள்ளி அள்ளிக் கொடுத்தார்கள். முதலில் காதுக்குள்ளே சில்வண்டு கத்தியது. பிறகு சில்வண்டும் கத்தவில்லை. காய்ச்சல் விட்டு எழுந்து உட்கார்ந்தவள், எதிரில் நின்று வாயைத் திறந்து திறந்து மூடுகிற பிள்ளையைப் பார்த்து, "ஏண்டி சத்தமில்லாம அழுவுற?" என்று கேட்டாள். அப்போதுதான் வீட்டில் எல்லாருக்கும் தெரிந்தது.

அதோடு அந்தக் குரல் அவளுக்கு நின்றுபோயிற்று. பிள்ளை வளர்ந்தாள், சடை போட்டாள், தாவணி போட்டாள். சவுந்தரத்தின் காதுக்குள்ளே மட்டும் இன்னும் "அம்மா, தோறு" என்று சோறு கேட்கிற குழந்தையாகவே இருந்தாள்.

இதில் கொடுமை என்னவென்றால், அன்னமேரிக்குக் குரல் அப்படி வாய்த்திருந்தது. கோவிலில் அவள் மாதா பாட்டு எடுத்தால் ஆண்கள் பக்கத்திலும் மூக்கு உறிஞ்சுவார்கள். பூசை முடிந்து வெளியே வந்ததும் பொம்பிளைகள் சவுந்தரத்தின் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, ஒங்க வயித்துல எப்படி இந்தக் குரல் பொறந்துச்சு? கேட்டா உள்ள என்னமோ பண்ணுதுக்கா" என்பார்கள். சவுந்தரம் அவர்கள் உதட்டைப் பார்த்துச் சிரிப்பாள். வீட்டுக்கு வந்து மிளகாய் அரைக்கும்போது அழுவாள். மிளகாய் இருந்தது சவுகரியம்.

அப்படி இருக்கையில்தான், அன்னமேரி கன்னியர் மடத்துக்குப் போகிறேன் என்று சொன்னாள். பள்ளிக்கூடம் நடத்துகிற மடம் என்றாலும் பரவாயில்லை, ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்க்கலாம். இது இந்தியாவில் இருந்த அடைபட்ட மடம். உள்ளே போனால் கதவு சாத்தினது சாத்தினதுதான். பெற்றவர்கள் போனாலும் கம்பிக்கு அந்தப் பக்கம் திரை போட்டிருப்பார்கள். பங்குச் சாமியார் வீட்டுக்கே வந்து, "சர்வேசுரன் கேக்குறாரு, நீங்க என்ன சொல்றீங்க?" என்றார். சர்வேசுரன் கேட்டால் ஒரு செவிட்டுப் பொம்பிளை என்ன சொல்வாள்? "அவ இஷ்டம் சாமி" என்றாள். சாமியார் காப்பி குடித்துவிட்டுப் போனார்.

அன்றைக்கு ராத்திரிச் சோற்றுக்கு உட்காராமல் அடுக்களையில் நின்றவளை ஆரோக்கியநாதன் தோளைத் தட்டித் திருப்பினார்.

"ஒனக்குப் பிடிக்கலைன்னா சொல்லிடு. நான் சாமிகிட்டப் பேசுறேன்."

"நான் தடுத்தா, காலம்பூரா என் மூஞ்சியைப் பாக்கும்போதெல்லாம் அவளுக்கு அந்த ஞாபகம்தானே வரும்? வேணாம். போகட்டும்." முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "போறதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவை அவ குரலைக் கேட்டுடணும். வேற எதுவும் வேணாங்க எனக்கு" என்றாள்.

வேறு யாரிடமாவது இதைச் சொல்லியிருந்தால் உச்சுக் கொட்டிவிட்டுப் போயிருப்பார்கள். ஆரோக்கியநாதனுக்கு வயர்லெஸ் கிறுக்கு. கிட்டங்கி வேலை முடிந்து வந்தால் கம்பிச் சுருளும் திருப்புளியுமாக உட்கார்ந்துவிடுவார். கூரை மேல் அவர் கட்டியிருந்த கம்பியைப் பார்த்து, இடி இந்தச் சந்துக்குத்தான் வரப்போகிறது என்று அக்கம்பக்கத்தார் பயந்தார்கள். சிங்கப்பூரில் யாரோ பேசுவது அவருடைய ஹெட்போனில் கொசு மாதிரிக் கேட்கும். அதைக் கேட்டுவிட்டு எதையோ சாதித்தவர் மாதிரித் தூங்கப் போவார். மூலையில் கிடந்த குப்பை என்று சவுந்தரம் நினைத்துக்கொண்டிருந்த அந்தச் சாமான்களுக்கு முதல் தடவையாக ஒரு வேலை வந்தது.

அவருடைய யோசனை இதுதான். சவுந்தரத்தின் காது அடியோடு சாகவில்லை. கோவில் மணிக்கு நேர் கீழே நின்றால் "உள்ளே என்னமோ அசையுது" என்று அவளே சொல்வாள். அப்படியென்றால் பாப்பாவின் குரலை மணிச் சத்தம் அளவுக்குப் பெருக்கிக் காதுக்குள்ளேயே கொண்டுபோய் விட்டால் கேட்கும். பேசுவதற்கு ஒரு பழைய டெலிபோன் வாய்க்குழல். சத்தத்தைப் பெருக்க வால்வு என்கிற கண்ணாடிக் குமிழ். கேட்க ஹெட்போன். நடுவில் இவற்றையெல்லாம் இணைக்கத் தலைமயிர் போலக் கம்பிகள். அந்தக் கம்பிகளை ஈயம் வைத்துப் பற்ற வைக்க வேண்டும்.

ஈயம் பற்ற வைக்கிற கோல் அவரிடம் கிடையாது. அதுவரை கம்பியை முறுக்கி முறுக்கியே காலம் தள்ளினவர். அதனால் சந்து முனையில் தகரக் கடை வைத்திருந்த பிச்சைமுத்துவிடம் இரவல் வாங்கி வந்தார். வாளிக்கும் குடத்துக்கும் அடி மாற்றுகிற கோல் அது. கைப்பிடிக்கு அந்தப் பக்கம் கோடாலி மாதிரி ஒரு செம்புக் கட்டை. அதைக் கரியில் போட்டுக் காய்ச்சி, ஹெட்போனைத் திறந்து, உள்ளே இருந்த கம்பி நுனியில் கொண்டுபோய் வைத்தார். கம்பியைக் காணோம். பொசுங்கின நாற்றம்தான் மிச்சம்.

கோலைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது பிச்சைமுத்து குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

"கிராணியாரே, குடம் ஒட்டுற கட்டையை வச்சு எறும்புக்குக் கால் ஒட்டப் போனீங்களா?"

"எனக்கு எப்படிலா தெரியும்?"

"என்னைக் கேட்டா சொல்லியிருப்பேன்ல. ஒங்க சாமானுக்கு ஊசி மாதிரி மூக்கு வேணும். கேம்பல் ஸ்ட்ரீட் பக்கம் சீனன் கடையில கரண்டுல காயுறது வந்திருக்காம், போய்ப் பாருங்க. தடியா ஏதும் ஒட்டணும்னா என்கிட்டக் கொண்டாங்க. காசு வேணாம். தங்கச்சி காதுக்குத்தானே?"

கேம்பல் ஸ்ட்ரீட்டுக்கு சவுந்தரமும் கூடவே போனாள். தனக்காக வாங்குகிற சாமானைத் தன் கண்ணால் பார்க்க வேண்டும் என்று நின்றாள். கடை முதலாளியான சீனத் தவுக்கே கண்ணாடிப் பெட்டி மேல் மூன்று கோலை எடுத்து வைத்தார். ஒன்று கரியில் காய்ச்சுகிறது, பிச்சைமுத்துவின் கோலுக்குத் தம்பி. இன்னொன்று கரண்டில் காய்வது, ஆனால் தேங்காய் உடைக்கலாம் போல் கனம். மூன்றாவதும் கரண்டில் காய்வதுதான். மரக் கைப்பிடி, அதிலிருந்து ஒரு குழாய், குழாய் முனையில் பென்சில் நுனி அளவுக்குச் செம்பு.

ஆரோக்கியநாதன் கனமான கரண்டுக் கோலையே தடவிக்கொண்டிருந்தார். ஆண்பிள்ளைகளுக்குச் சாமான் கனமாக இருக்க வேண்டும். சவுந்தரம் கத்தரிக்காய் பொறுக்குகிற மாதிரி ஒவ்வொன்றையும் கையில் எடுத்தாள். கனத்ததை எடுத்ததும் மணிக்கட்டு தானாக இறங்கியது. "இதைப் பிடிச்சிக்கிட்டுக் கம்பியைப் பாப்பீங்களா, கை வலியைப் பாப்பீங்களா?" என்று அதை வைத்துவிட்டாள். மெல்லியதை எடுத்து, பூத்தையல் போடுகிற ஊசியைப் பிடிக்கிற மாதிரி விரலில் பிடித்தாள். அவள் பிடித்த இடத்தில் அது அசையாமல் நின்றது. "இதுதான்" என்றாள்.

தவுக்கே கைப்பிடியை மெல்லத் தட்டி, "இனி கெச்சில் பூஞா கெர்ஜா. தெபால் பூஞா பாராங், தா போலே லா" என்று மலாயில் சொன்னார்.

ஆரோக்கியநாதன் மனைவியின் பக்கம் திரும்பி உதட்டை நிதானமாக அசைத்தார். "சின்ன வேலைக்குத்தானாம் இது. தடிச்ச சாமானுக்கு ஆகாதாம்."

"நம்ம வீட்டுல தடிச்ச சாமான் நான் ஒருத்திதான். என்னை ஒட்டவா வாங்குறோம்?"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தவுக்கே விடவில்லை. கனமானதையும் சேர்த்து எடுத்துக்கொள்ளச் சொன்னார். "தடியா ஒரே ஒரு எடம்தான் வருது. அதுக்குத்தான் பிச்சைமுத்து இருக்கானே" என்று ஆரோக்கியநாதன் மெல்லியதை மட்டும் வாங்கிக்கொண்டார்.

அவள் பொறுக்கியது சரியான கோல்தான். அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. விளக்குப் பல்பைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் கோலின் வயரை மாட்டுவார். வீடு இருட்டாகிவிடும் என்பதால் வேலையெல்லாம் பகலில், லீவு நாளில். கோவில் பிடில்காரரிடம் வாங்கி வந்த ரோசின் பிசினில் நுனியைத் தொடுவார். சாம்பிராணி போட்ட மாதிரி ஒரு மணம் வரும். ஈயக் கம்பியைக் காட்டினதும் அது உருகி, இரண்டு கம்பிக்கும் நடுவில் ஓடிப் படியும். ஒரு கம்பிகூடப் பொசுங்கவில்லை. சவுந்தரம் எதிரில் உட்கார்ந்து கம்பியைப் பிடித்துக் கொடுப்பாள். அன்னமேரி தன் வெள்ளைத் துணிகளுக்கு விளிம்பு தைத்துக்கொண்டு ஓரமாக இருப்பாள். கப்பல் நாள் நெருங்கியது. அவள் தைப்பது முடியக் கூடாது என்று சவுந்தரம் நினைத்தாள், இவர் ஒட்டுவது சீக்கிரம் முடிய வேண்டும் என்றும் நினைத்தாள்.

கடைசியில் அந்த ஒரு இடம்தான் மிஞ்சியது. எல்லாச் சாமானும் உட்கார்ந்திருந்த பித்தளைத் தகட்டில் ஒரு தடித்த கம்பியை ஒட்ட வேண்டும். மெல்லிய கோலின் சூட்டை அந்தத் தகடு அப்படியே குடித்துவிட்டது. கப்பலுக்கு முந்தின நாள் ஆரோக்கியநாதன் மொத்தத்தையும் துணியில் சுற்றிக்கொண்டு பிச்சைமுத்து கடைக்குப் போனார்.

பிச்சைமுத்து கெட்டவர் இல்லை. நாக்குக்குக் கதவு இல்லாதவர், அவ்வளவே. கட்டையைக் கரியில் செருகிவிட்டு, காய்கிற வரைக்கும் பேச்சுக் கொடுத்தார்.

"பொண்ணு நாளைக்குப் போகுதாமே."

"ஆமா."

"நான் ஒண்ணு கேப்பேன், கோவிச்சுக்கக் கூடாது. கட்டிக் கொடுக்க வக்கில்லாமத்தான் கிராணி மடத்துக்குத் தள்ளிவுடுறாருன்னு பாசார்ல பேசிக்கிறானுங்க. நெசமா?"

ஆரோக்கியநாதன் எழுந்தார். துணியை இழுத்து மூடினார். "ஒன் கடை வாசலை நான் இனிமே மிதிச்சா என் பேரை மாத்திக் கூப்பிடு" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். கட்டை பின்னால் கரியில் சிவந்துகொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்து மெல்லிய கோலையே எடுத்தார். வெகுநேரம் தகட்டில் அழுத்திப் பிடித்தார். கடைசியில் ஈயம் உருகி விழுந்தது. பரவாமல், சேம்பு இலையில் மழைத்துளி நிற்கிற மாதிரி உருண்டையாக நின்றது. நல்ல ஒட்டு என்றால் ஈயம் ஓடிப் படிய வேண்டும். அது அவருக்குத் தெரியும். நெற்றியைச் சுருக்கிக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தார்.

சவுந்தரம் குனிந்து பார்த்தாள். "அட, முத்து வச்ச மாதிரி இருக்கே! மத்ததையெல்லாம்விட இதான் அழகு" என்றாள்.

ரோஷத்தோடு வந்த மனுஷனுக்கு அந்தப் பாராட்டு இனித்தது. விட்டுவிட்டார்.

மறுநாள் காலையில் வாசலில் ரிக்‌ஷா வந்து நின்றுவிட்டது. துறைமுகத்தில் அன்னமேரியைக் கூட்டிப் போகிற கன்னியாஸ்திரி காத்திருந்தாள். ஆரோக்கியநாதன் பேட்டரியை இணைத்தார். வால்வுக்குள்ளே மயிரிழை போல ஒரு சிவப்பு எழுந்தது. "பாத்தியா, அந்தச் சிவப்பு இருந்தா உசிரு இருக்குன்னு அர்த்தம்" என்று அவளுக்குக் காட்டினார். ஹெட்போனைத் தன் காதில் வைத்து, வாய்க்குழலை விரலால் தட்டினார். தட்டினது அவருக்கே வலித்தது போலிருக்கிறது, சிரித்துக்கொண்டே கழற்றினார். சாமான்கள் இருந்த மேஜையை அப்படியே சவுந்தரம் உட்கார்ந்திருந்த நாற்காலிக்கு இழுத்து வந்து, அவள் தலையில் ஹெட்போனை மாட்டினார்.

டப் என்று ஒரு சத்தம்.

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அத்தனை வருஷத்துக்குப் பிறகு காதுக்குள் நுழைந்த முதல் சத்தம். அடுத்தது வரும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தாள். வரவில்லை. வால்வைப் பார்த்தாள். சிவப்பைக் காணோம்.

ஆரோக்கியநாதன் அதற்குள் திரும்பிவிட்டார். வாய்க்குழலை மகள் கையில் கொடுத்து, அவளை அடுக்களை வாசல் வரைக்கும் தள்ளிக்கொண்டு போனார். கிட்டத்தில் நின்றால் ஹெட்போன் ஊளையிடும் என்று ஏற்கெனவே சொல்லியிருந்தார். அவர் முகம் கல்யாண மாப்பிள்ளை முகம் மாதிரி இருந்தது. சவுந்தரம் வாயைத் திறக்கப் போனாள். வாசலில் ரிக்‌ஷாக்காரன் எட்டிப் பார்த்தான். இப்போது சொன்னால் இந்த மனுஷன் கம்பிகளைப் பிரிப்பார், நோண்டுவார், நேரம் போகும். பிள்ளை கிளம்பும்போது அப்பன் தலையில் அடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். அவள் கண்ணில் அதுதான் கடைசியாக நிற்கும். சவுந்தரம் வாயை மூடிக்கொண்டாள்.

அன்னமேரி வாய்க்குழலை உதட்டோடு சேர்த்து வைத்தாள். மூக்குக்குக் கீழே ஒன்றும் தெரியவில்லை. கண் மட்டும் தெரிந்தது. மாதா பாட்டுத்தான் பாடப் போகிறேன் என்று முன்னமே சொல்லியிருந்தாள். தொண்டை அசைந்தது.

சவுந்தரம் பாட்டுக் கேட்கிற முகத்தை வைத்துக்கொண்டாள். கோவிலில் பொம்பிளைகள் எப்படிக் கேட்பார்கள் என்று வருஷக்கணக்கில் பார்த்திருக்கிறாளே. கண்ணைக் கொஞ்சம் சொருகி, சிரித்துக்கொண்டு, தலையை அந்தப் பக்கம் இந்தப் பக்கம் ஆட்டினாள். தொண்டை நின்றது. அடி முடிந்து அடுத்த அடி எடுக்கப் போகிறாள் என்று இவள் இன்னும் நன்றாக ஆட்டினாள். மகள் கண்ணில் தண்ணீர் நிறைந்தது. பாடும்போது உருகிப்போகிறாள் பார் என்று நினைத்து, போதாததற்குக் கையையும் தூக்கி, 'பேஷ்' என்கிற மாதிரி விரித்துக் காட்டினாள்.

வாய்க்குழல் கீழே இறங்கியது. இவ்வளவு சின்னப் பாட்டா என்று சவுந்தரத்துக்கு ஏமாற்றமாக இருந்தது. அன்னமேரி ஓடிவந்து அம்மாவின் மடியில் முகத்தை வைத்தாள். சவுந்தரம் அவள் நெற்றியில் சிலுவை போட்டாள். "போயிட்டு வரேம்மா" என்று உதடு சொன்னது. ஆரோக்கியநாதன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

கப்பல் போயிற்று.

வீடு திரும்பியதிலிருந்து ஆரோக்கியநாதன் அவளோடு பேசவில்லை. சோறு போட்டால் தின்றார், வேட்டி துவைத்துப் போட்டால் கட்டினார். முகத்தைத் திருப்பினால்தானே உதட்டைப் பார்க்க முடியும்? திருப்பவே இல்லை. வயர்லெஸ் சாமான்கள் மேல் சாக்கு விழுந்தது. மகள் போன துக்கம் என்று சவுந்தரம் விட்டுவிட்டாள். அவளுக்குத் தன் துக்கமே சுமக்க முடியாமல் இருந்தது. அன்னமேரி மடத்துக்குள் போய்விட்டாள், கதவு சாத்தியாயிற்று என்று சாமியார் வந்து சேதி சொன்ன அன்றைக்கு, ஆரோக்கியநாதன் சாப்பிடுகிற தட்டைத் தள்ளிவிட்டு நிமிர்ந்து அவளைப் பார்த்தார்.

"ஒனக்குக் கல்லு மனசுடீ."

"என்னது?"

"எப்படித் தலையாட்ட மனசு வந்துச்சு ஒனக்கு? நான் சுவத்துல முட்டிக்கிட்டு நிக்கிறேன். நீ சிரிச்சிக்கிட்டு ஆட்டுற."

"பாட்டுப் பாடினா தலையாட்டாம? ஏன், நல்லாத்தானே பாடுனா?"

அவர் அவளையே பார்த்தார். "பாட்டா? அவ எங்க பாடுனா?"

சவுந்தரம் கையிலிருந்த அகப்பையைக் கீழே வைத்தாள். "திருப்பிச் சொல்லுங்க. மெதுவா."

"'அம்மா, எனக்குப் பயமா இருக்கு. நீங்க போகாதேன்னு ஒரு வார்த்தை சொன்னா நான் கப்பல் ஏறலை. நான் போகட்டுமா?' அதான் கேட்டா. நீ ஆட்டுன. நெசமாத்தானாம்மான்னு மறுபடியும் கேட்டா. இன்னும் நல்லா ஆட்டுன, கையைக் காட்டி அனுப்பி வச்ச."

அவள் சாக்கு மூடிய மூலையைப் பார்த்தாள். "டப்புன்னு ஒரு சத்தந்தாங்க கேட்டுச்சு" என்றாள். "அந்தச் சிவப்பு அப்பவே போயிடுச்சு."

அவர் நம்பவில்லை. சாக்கைப் பிடித்து இழுத்தார். பித்தளைத் தகட்டில் அந்த ஈய முத்து அப்படியே இருந்தது. நகத்தை வைத்தார். தேங்காய்ச் சில்லு ஓட்டை விட்டு வருகிற மாதிரி அது கம்பியோடு எழும்பி வந்தது. ஒருநாளும் அது ஒட்டியிருக்கவே இல்லை. தொட்டுக்கொண்டு இருந்திருக்கிறது, மேஜையை இழுத்ததில் ஆட்டம் கண்டு, ஹெட்போனை மாட்டியதும் விட்டுவிட்டது.

ஆரோக்கியநாதன் தலையில் அடித்துக்கொண்டார். பிறகு பேனாவைத் தேடினார். இன்றைக்கே எழுதுகிறேன், சாமியாரைப் பார்க்கிறேன், இன்னும் கன்னியாஸ்திரியாக வார்த்தைப்பாடு கொடுத்திருக்க மாட்டாள், திருப்பிக் கூட்டி வந்துவிடலாம் என்றார். சவுந்தரம் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னன்னு எழுதுவீங்க? ஒங்க அம்மாவுக்கு எதுவுமே கேக்கலை, சும்மா ஆட்டுனான்னா?"

"வேற எப்படி எழுதறது!"

"அம்மா அனுப்பிச்சுதான் வந்தோம்னு நம்பித்தான் பாவம் அந்த வாசலைத் தாண்டியிருக்கா. இப்பப் போய் இதை எழுதினா அவளால அங்கயும் இருக்க முடியாது, இங்க வந்தாலும் இருக்க முடியாது. வேணாம். நான் கேட்டுட்டுத்தான் அனுப்பினேன்னு இருக்கட்டும்."

"ஒனக்கு அவ வேணாமா?"

அவள் அவர் தள்ளிவிட்ட தட்டை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போனாள். இதில் அவள் செய்தது புத்தியா பைத்தியமா என்று அந்தச் சந்தில் யாரைக் கேட்டாலும் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். யாரும் கேட்கவில்லை, யாருக்கும் தெரியவும் தெரியாது. அவர் எழுதவில்லை.

மறுநாள் பிச்சைமுத்து கடை வாசலை அவர் மிதித்தார். என்ன சொன்னார் என்று தெரியாது. பிச்சைமுத்து கரியடுப்பையும் கட்டையையும் தூக்கிக்கொண்டு வீட்டுக்கே வந்தார். தகட்டைத் துடைத்து, சிவந்த கட்டையை வைத்து, ஈயத்தைக் காட்டினார். அது தண்ணீர் மாதிரி ஓடிப் படிந்தது. வெற்றிலை பாதி மெல்லுகிற நேரம்கூட ஆகவில்லை.

"கிராணியாரே, அன்னைக்கு என் நாக்குல இந்தக் கட்டையை வச்சிருக்கணும் நீங்க" என்றார் பிச்சைமுத்து. யாரும் சிரிக்கவில்லை. சவுந்தரம் கொடுத்த காப்பியைக் குடிக்காமல் போய்விட்டார்.

ஆரோக்கியநாதன் பேட்டரியை இணைத்தார். சிவப்பு எழுந்தது. சவுந்தரம் தானே ஹெட்போனை எடுத்து மாட்டிக்கொண்டாள். அவர் வாய்க்குழலோடு அடுக்களை வாசலுக்குப் போனார்.

முதலில் ஒரு இரைச்சல். அதற்குள்ளேயிருந்து யாரோ ஒரு கிழவன் அவள் பேரைச் சொன்னான்.

"யாருங்க அது?" என்று பதறிக்கொண்டு கேட்டாள்.

"நான்தான்."

"ஒங்க குரலா இது? எங்க அப்பன் சாகக் கெடந்தப்ப பேசின மாதிரி இருக்கே." சொல்லிக்கொண்டே அழுதாள். தான் பேசுவதும் அவளுக்குக் கேட்டது. அதுவும் யாரோ ஒரு கிழவியின் குரல். வெளியே மீன்காரன் கூவினான், காக்கை கத்தியது, பக்கத்து வீட்டில் பாத்திரம் விழுந்தது. எல்லாம் வந்தது. பினாங்கில் இருந்த அத்தனை சத்தமும் அந்த மெல்லிய கம்பிகள் வழியாக அவள் காதுக்குள் வந்து இறங்கியது.

"நல்லாக் கேக்குதா?" என்றார் அவர்.

"கேக்குது. அவ கேட்டதை அப்படியே கேளுங்க."

"எதை?"

"பாப்பா கேட்டதை. ஒரு வார்த்தை விடாம."

"வேணாம் சவுந்தரம்."

"கேளுங்கன்னா!"

அவர் வாய்க்குழலைத் தூக்கினார், இறக்கினார், மறுபடியும் தூக்கினார். "அம்மா, எனக்குப் பயமா இருக்கு" என்றது அந்தக் கிழட்டுக் குரல். "நீங்க போகாதேன்னு ஒரு வார்த்தை சொன்னா நான் கப்பல் ஏறலை. நான் போகட்டுமா?"

சவுந்தரம் தலையை ஆட்டவில்லை. நாற்காலியின் கையை இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு, கழுத்தை விறைப்பாக வைத்துக்கொண்டு, "போகாதே பாப்பா" என்றாள். "அம்மாகிட்டயே இரு."

வெளியே யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள். அதுவும் அவளுக்குக் கேட்டது.

"இன்னொரு தடவை கேளுங்க" என்றாள்.

அவர் மறுபடியும் கேட்டார். அவளும் மறுபடியும் சொன்னாள்.